பத்தாம் லயத்துக் கட்டில்

பசறையிலிருந்து எல்லைக்கல் தோட்டத்துக்குப் போகிற பஸ் மேற்பிரிவுச் சந்தியோடு நின்றுவிடும். அதற்கு மேலே நடைதான். 2007 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, குணமணி அந்தச் சந்தியில் இறங்கி, ஒரு கையில் குடையும் மறு கையில் அட்டைப்பெட்டியுமாக ஏறத் தொடங்கினாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு இடையிலிருந்து ஈர மண் மணத்தது.

குணமணிக்கு முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பதுளையில் உளவள ஆலோசகராக வேலை பார்த்தாள். டொக்டர் இரகுநாதன் நடத்திய ஓர் ஆய்வில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தூக்கம் வராத வயதானவர்களுக்கு, மாத்திரை கொடுக்காமல், படுக்கிற பழக்கத்தை மாற்றியே தூக்கத்தை வரவழைக்கலாமா என்று பார்க்கும் ஆய்வு. பாதிப் பேரிடம் ஆலோசகர் வாரம் ஒருமுறை நேரில் வந்து பேசுவார். மீதிப் பேரிடம் ஒரு பெட்டி பேசும். ஆளா, பெட்டியா, எது நன்றாகக் குணப்படுத்துகிறது என்று கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்தாம் லய வரிசையின் கடைசி வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கலில் பெட்டி விழுந்திருந்தது.

அது தர்மலிங்கத்தின் வீடு. எழுபது வயது. பெக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் தேயிலை அரைத்து ஓய்ந்தவர். மகன் கிரிஷாந்தனுக்குக் கொழும்பில் கடை வேலை. மருமகள் மேனுஷா கொழுந்து எடுக்கப் போகிறாள். முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய தாழ்வாரம், நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. இருவர் படுக்கிற பலகைக் கட்டில் ஒன்று அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. மேனுஷா அடுப்படியில் பாய் விரித்துப் படுப்பாள்.

கரண்ட் பிளக் இஸ்தோப்புச் சுவரில் மட்டும்தான் இருந்தது. குணமணி பெட்டியை அங்கே மாட்டினாள். அதிலிருந்து ஒரு வயரைக் கதவுக்கடியால் உள்ளே இழுத்து, மெத்தைக்குக் கீழே ஒரு மெல்லிய தகட்டைச் செருகினாள்.

"இது என்னாங்க மிஸ்?"

"இந்தத் தகடு மூச்சையும் புரளுறதையும் பதியும் ஐயா. நீங்கள் எவ்வளவு நேரம் நித்திரை கொள்ளுறியள் எண்டு பெட்டிக்குத் தெரியும். அதுக்கேத்த மாதிரி அது உங்களுக்குச் சொல்லும்."

பெட்டியை அமுக்கினாள். அது வணக்கம் சொன்னது. குரல் குணமணியுடையது. கொழும்பில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவள் வாசித்துப் பதிந்த வசனங்கள் அவை.

தர்மலிங்கம் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நீங்களே உள்ளுக்கும் இருக்கீங்க" என்றார்.

அவள் விதிகளைச் சொன்னாள். இரவு பன்னிரண்டுக்கு முன் படுக்கக் கூடாது. ஐந்து மணிக்கு எழும்பிவிட வேண்டும். பகலில் கண்ணயரக் கூடாது. படுத்து இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்கக் கூடாது. எழும்பி வேறு அறைக்குப் போய், தூக்கம் வந்தால் மட்டும் திரும்பி வர வேண்டும். வெளியே வந்ததும் பெட்டியில் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். நன்றாகத் தூங்கினால், பெட்டி ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம் கூட்டித் தரும்.

"வேற ரூம் ஏதுங்க மிஸ் இங்க?"

கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. அது அறைகள் உள்ள வீடுகளுக்காக எழுதப்பட்டது. "இஸ்தோப்பிலை இருங்கோ" என்றாள்.

கிழவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எந்திரிச்சுப் போனா கட்டில் சும்மா கெடக்குமேங்க."

"கிடக்கட்டும் ஐயா. அதுக்கென்ன?"

"சும்மா கெடக்கப்படாது" என்றார், அவளுக்குச் சொல்வதுபோல் இல்லை.

அவள் சிரித்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள். மகன் போனில் சொல்லியிருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டார். ஆய்வில் அவர் முப்பத்தோராம் இலக்கம்.

வாரம் ஒருமுறை அவள் வந்து பெட்டிக்குள் பதிவுகள் சேரும் சிறிய அட்டையை மாற்றிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். பெட்டிக்காரர்களோடு தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பு. பேசினால், குணமானது பெட்டியாலா பேச்சாலா என்று தெரியாமல் போய்விடுமாம்.

மூன்றாம் வாரம் தர்மலிங்கம் வாசலிலேயே காத்திருந்தார்.

"மிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ராத்திரியில..."

"ஐயா, அதைப் பெட்டியிலை சொல்லுங்கோ. சிவப்புப் பட்டன் இருக்குத்தானே."

"பட்டன்ல சொல்ற விஷயம் இல்லீங்க."

"எனக்குக் கேக்க ஏலாது ஐயா. குறை நினைக்காதைங்கோ."

அவர் குறை நினைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். பிற்பாடு குணமணிக்கு எதை மறந்தாலும் அந்தத் தலையாட்டலை மறக்க முடியவில்லை.

அட்டைகளைப் பதுளை ஒப்பீஸில் கம்ப்யூட்டரில் போட்டால் கோடுகள் வரும். நாற்பது பேரில் முப்பத்தோராம் இலக்கத்தின் கோடுதான் அழகு. படுத்தால் படுத்தபடி. நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு, ஏறாமல் இறங்காமல், விடியும்வரை. பன்னிரண்டு மணிப் படுக்கையைப் பெட்டி பதினொன்றரை ஆக்கியது, பதினொன்று ஆக்கியது, பத்தரை ஆக்கியது. டொக்டர் இரகுநாதன் அந்தக் கோட்டைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

ஆனால் ஐந்தாம் வாரம் அவள் பார்த்த தர்மலிங்கம் பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. அவள் புறப்படும்போது மேனுஷா பின்னாலேயே, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை வந்தாள்.

"மிஸ், மாமா ராவெல்லாம் இஸ்தோப்புல தான் ஒக்காந்திருக்கார். கம்பளியப் போத்திக்கிட்டு, இந்தக் குளிர்ல."

"அவர் நித்திரை கொள்ளுறார் எண்டுதான் பதிவாகுது, மேனுஷா."

"அது தான் எனக்கும் புரியல. உள்ள மூச்சுச் சத்தம் கேக்குது, சரி மாமா தூங்குறார்னு நெனப்பேன். வெளிய போக எந்திரிச்சு வந்து பாத்தா இஸ்தோப்புல ஒக்காந்திருக்கார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு தடவ பாத்துட்டேன். மூணாவது தடவ பாக்கல. இப்ப அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டுப் படுக்குறேன்."

குணமணி இதை டொக்டரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அவர் நல்ல மனுஷர்தான்.

"குணமணி, வயசுபோன ஆக்கள் தாங்கள் நித்திரை கொண்டதைக் குறைச்சுத்தான் சொல்லுவினம். உலகம் முழுக்க அப்பிடித்தான். அதுக்காகத்தானே தகடு வைக்கிறம். தகடு பொய் சொல்லாது."

அவளும் ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொள்வது வசதியாக இருந்தது.

ஆறாம் வாரத்து அட்டையை ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில், ஒப்பீஸில் ஆள்கள் நடமாடிக்கொண்டிருக்கையில், அவள் தற்செயலாக வேறு விதமாகத் திறந்தாள். வழக்கமாக மூச்சுக் கோட்டை மட்டும் பார்ப்பாள். அன்று பட்டன் அமுக்கிய நேரங்களையும் அதற்குக் கீழே போட்டாள்.

ஒன்பதரைக்குப் படுக்கை. ஒன்பது ஐம்பதுக்குச் சிவப்புப் பட்டன். அப்படியென்றால் ஆள் இஸ்தோப்பில்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தகட்டில் மூச்சு தொடங்குகிறது.

இரண்டு மணிக்குச் சிவப்பு, இரண்டு ஐந்துக்குச் சிவப்பு, இரண்டு பத்துக்குச் சிவப்பு. யாரையோ கூப்பிடுகிற மாதிரி திரும்பத் திரும்ப. மேலே மூச்சுக் கோடு, பதினான்கு, பதினான்கு, பதினான்கு.

பழைய அட்டைகளின் பதிவுகளையும் போட்டுப் பார்த்தாள். எல்லா இரவும் அப்படித்தான். முதல் வாரத்திலிருந்தே.

மறுநாள் அவள் எல்லைக்கல்லுக்குப் போனாள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசி பஸ். அதை விட்டுவிட்டாள்.

மேனுஷா அவளுக்குப் பிளேன்டீயும் கம்பளியும் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குச் சுவரிலிருந்த பெட்டி பேசியது. "இப்போது படுக்கைக்குச் செல்லும் நேரம்." தன் குரலை அந்த இருட்டில் கேட்கக் குணமணிக்கு என்னவோ போலிருந்தது. தர்மலிங்கம் உள்ளே போய்க் கட்டிலின் வெளி ஓரத்தில் படுத்தார். சுவர்ப் பக்கம் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார். இருபது நிமிஷம் கழித்துப் பெட்டி மறுபடி பேசியது. "தூக்கம் வரவில்லையா? எழுந்து வெளியே வந்து இருங்கள்."

அவர் வந்தார். சிவப்பை அமுக்கினார். கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் வடிகானில் விழுந்துகொண்டிருந்தது. லயத்தின் அந்தக் கோடியில் யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் நின்றது.

உள்ளே கட்டில் பலகை ஒருமுறை முனகியது.

பாரமான ஆள் ஒருவர் அலுப்போடு விழுகிற சத்தம்.

அப்புறம் மூச்சு. நிதானமாக, ஆழமாக, ஒரு கவலையும் இல்லாத மூச்சு. கதவிடுக்கு வழியே ஒரு வாசமும் வந்தது. பச்சைத் தேயிலையை அரைக்கும்போது வருகிற, தொண்டையில் ஒட்டும் வாசம்.

குணமணி கம்பளியை இறுக்கிப் பிடித்தாள். "ஐயா" என்றாள், கதவைக் காட்டி.

தர்மலிங்கம் கதவைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"என் சம்சாரம் வடிவம்மா. போய்ச் சேந்து எட்டு வருஷமாச்சு. அவளுக்கு இழுப்பு நோய். அந்த மாசம் பெக்டரியில கொழுந்து குமிஞ்சு போச்சு. ரெட்டை ஷிப்ட். மூணு நாளு கண்ணு மூடல. நாலாம் நாளு வந்து கட்டில்ல விழுந்தேன். ரெண்டு மணி போல எழுப்பினா. மூச்சு முட்டுது, தொரை லொரியக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு. எனக்குக் காதுல விழலேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

ஸ்டூலைக் கதவோடு ஒட்டி நகர்த்திக்கொண்டார்.

"விழுந்துச்சுங்க. மூணு தடவ கூப்பிட்டா. மூணும் விழுந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். விடியக் காலையில வேலைக்கு ஆள் சேர்க்குற பெரட்டுக்குத் தப்பு அடிச்சப்ப தான் எந்திரிச்சேன். அவ கட்டிலடியில தரையில சில்லுன்னு கெடந்தா."

உள்ளே மூச்சு ஏறி இறங்கியது.

"காரியம் முடிஞ்ச மறு வாரம் அதே நேரத்துக்குக் கூப்பிட்டா. நான் முழிச்சிருந்தேன். முழிச்சிருக்கேன் வடிவுன்னேன். அடங்கிட்டா. அப்புறம் தெனம் அப்படித்தான். அவ கூப்பிடுவா, நான் முழிச்சிருக்கேன்னு சொல்லுவேன். எட்டு வருஷம். அதுல தான் தலை இப்படி நரைச்சுது. எனக்குத் தூக்கம் வராம இல்லீங்க. நான் தூங்கல. அவ்வளவு தான். நீங்க தான் வந்து, எந்திரிச்சு வெளிய போங்கன்னீங்க."

குணமணி அவர் பக்கம் குனிந்தாள். "அப்ப... உள்ளை கிடக்கிறது வடிவம்மாவோ?"

"அவளுக்கு மூச்சு இப்படி வராதுங்க."

"அப்ப ஆர்?"

"நான் தான்" என்றார் தர்மலிங்கம். "அன்னிக்கித் தூங்கினவன். நான் முழிச்சு அந்த எடத்துல கெடந்த வரைக்கும் அவனுக்கு எடமில்ல. இப்பக் கெடச்சிருச்சு."

இரண்டு மணி ஆயிற்று.

அறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. மெல்லிய குரல். ஒவ்வொரு எழுத்துக்கும் இழுத்து மூச்சு வாங்கியது.

"ஏங்க."

தர்மலிங்கம் பாய்ந்து எழுந்து கதவில் வாயை வைத்தார். "முழிச்சிருக்கேன் வடிவு. இந்தா இருக்கேன்."

"ஏங்க... எந்திரிங்க."

"இங்க இருக்கேன் வடிவு. வெளிய இருக்கேன்."

வடிவம்மாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அவரைக் கூப்பிடவில்லை. கட்டிலில் கிடப்பவனைக் கூப்பிட்டாள். தர்மலிங்கம் சிவப்புப் பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அதைத் தவிர அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குணமணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தைரியத்தால் போகவில்லை; அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாததால் போனாள்.

இஸ்தோப்பு விளக்கின் வெளிச்சம் கட்டில் கால் வரைதான் எட்டியது. கம்பளி மேடாக இருந்தது. மேடு ஏறி இறங்கியது. தலைமாட்டில் கறுத்த, அடர்ந்த முடி. தர்மலிங்கத்தின் தலை முழுக்க நரை.

"எழும்புங்கோ" என்றாள். "அவ கூப்பிடுறா. எழும்புங்கோ."

கம்பளிக்கு மேலே கையை வைத்தாள். கீழே சூடாக இருந்தது. தோள்தான். அவள் உலுக்கினாள்.

அது தூக்கத்திலேயே அவளுடைய கையைத் தட்டிவிட்டது.

பலகை முனக, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. "ஏங்க" என்ற குரல் குணமணியின் காலடியிலிருந்து இன்னொரு முறை வந்து, பாதியில் அறுந்து போயிற்று. அதன் பிறகு அந்த நிதானமான மூச்சு மட்டும்தான். விடியும்வரை.

ஐந்து மணிக்குப் பெட்டி குணமணியின் குரலில் சொன்னது. "இந்த வாரமும் நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள். இனி அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம்."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். தகட்டையும் வயரையும் உருவியெடுத்தாள்.

"ஐயா, இனி ஒரு விதியும் இல்லை. நீங்கள் பழையபடி கட்டிலிலையே கிடவுங்கோ."

"திரும்பப் போய்ப் படுத்துப் பாத்தேனுங்க, போன வாரமே" என்றார் அவர். "படுத்தா ஓரத்துல தள்ளிவிடுறான். இப்ப அது அவன் எடம்."

பதுளையில் டொக்டர் இரகுநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவள் விதியை மீறிப் பங்கேற்பாளர் வீட்டில் தங்கியதையும், கருவியைக் கழற்றியதையும் குறித்துக்கொண்டார். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். நன்றாக நித்திரை கொள்ளும்படியும் சொன்னார். அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். பெட்டி மறுபடி எல்லைக்கல்லுக்குப் போயிற்று.

ஜனவரி இரண்டாம் வாரம் தர்மலிங்கம் இறந்தார். காலையில் மேனுஷா கதவைத் திறந்தபோது ஸ்டூலில் சுவரோடு சாய்ந்தபடி விறைத்திருந்தார். ஒரு விரல் பெட்டியின் பட்டனில் இருந்தது. குளிரில் இதயம் நின்றதாக எழுதினார்கள்.

ஜூனில் ஆய்வு முடிவு வந்தது. பெட்டிக் குழுவுக்கே வெற்றி. அறிக்கையில் முப்பத்தோராம் இலக்கத்தின் கோடு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தார்கள். மிகச் சிறந்த முன்னேற்றம் கண்டவர்; சிகிச்சையோடு தொடர்பில்லாத காரணத்தால் பின்னர் காலமானார் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அறிக்கையின் பிரதி ஒன்றைக் குணமணிக்கும் மரியாதைக்காக அனுப்பியிருந்தார்கள். அவள் தன் பெயரைத் தேடினாள். குரல் உதவி என்பதன் கீழே அது இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லைக்கல்லுக்குப் போனாள். செத்த வீட்டுக்கு வர முடியவில்லை, மேனுஷாவிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

மேனுஷா கொழும்புக்குப் போய்விட்டாள். இஸ்தோப்பில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், நிறைமாதம். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பெயர் நிவேதிகா என்றாள். புருஷன் சுபாஸ், பெக்டரியில் வேலை. வீடு கிடைத்து இரண்டு மாதமாம். கட்டில் வாசலுக்குள்ளால் வெளியே வராததால் மேனுஷா அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"வாங்க மிஸ், இருங்க. இவரு இன்னும் எந்திரிக்கல."

மணி பதினொன்று. வெயில் வாசலில் பளீரென்று அடித்தது. உள்ளிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது.

"இவரு முந்தி இப்படித் தூங்க மாட்டாருங்க. இந்த வீட்டுக்கு வந்து தான்" என்றாள் நிவேதிகா. "எத்தன தடவ கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்கிறாரு. எனக்கு நாளு நெருங்கிருச்சு. ராத்திரி வலி கண்டா என்னா செய்றதுன்னு பயமா இருக்கு. அதுலேயே எனக்குத் தூக்கம் போச்சு."

குணமணி எழுந்து அறை வாசலுக்குப் போனாள். கட்டிலில் கம்பளி மேடாக இருந்தது. கறுத்த முடி தெரிந்தது. அவள் உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சுபாஸ்."

கம்பளி விலகியது. இளைஞன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். அந்நிய ஆளைக் கண்டு கூச்சத்தோடு சிரித்தான். "மன்னிச்சுக்கங்க மிஸ், அசந்துட்டேன்" என்று சொல்லி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவளைத் தாண்டி இஸ்தோப்புக்கு வந்தான்.

"பாருங்க, நீங்க கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சிட்டாரு" என்று நிவேதிகா நிம்மதியாகச் சிரித்தாள். அவன் முகம் கழுவப் பீலிப் பக்கம் நடந்தான்.

குணமணி வாசலை விட்டு அசையவில்லை.

கட்டில் காலியாகக் கிடந்தது. கம்பளி மடங்கிக் கால்மாட்டில் சரிந்திருந்தது.

பலகை முனகியது. சுவர்ப் பக்கமாக யாரோ திரும்பிப் படுத்தார்கள். மூச்சு நிற்கவில்லை.